மூன்றாம் நாளோடு முடிய வேண்டிய பாட்டு

குடியாத்தம்,
24-5-1934

தம்பி லோகநாதனுக்கு அக்காள் கங்கம்மாள் எழுதுவது. நானும் உன் மாமாவும் இருக்கிறோம், தறியும் ஓடுகிறது. நீயும் பூரணியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க கெங்கையம்மனைக் கும்பிட்டுக்கொள்கிறேன். பூரணிக்கு மசக்கை விட்டதா, வாய்க்கு என்ன பிடிக்கிறது என்று எழுது. அம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு நீ வரவில்லை. ஏன் வரவில்லை என்று நேற்றுதான் எனக்குப் புரிந்தது.

நேற்று கைலி மூட்டை போட உன் மாமாவோடு பேரணாம்பட்டு போயிருந்தேன். தோல் மண்டிக்கு எதிரே உள்ள காப்பி கிளப்பில் கிராமபோன் பெட்டி வாங்கி வைத்திருக்கிறான். மண்டி ஆட்கள் கையில் தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை காயாமல் வந்து நின்று கேட்கிறார்கள். வாலாஜா மரகதவல்லியின் புது பிளேட்டாம், வேலூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் இதே பேச்சாம். பெட்டிக்காரன் சாவி கொடுத்து முள்ளை வைத்தான். முதல் இழுப்பைக் கேட்டதும் நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அது என் தேசம்மாவுக்கு நான் பாடின ஒப்பாரி.

போன ஐப்பசியில் ஏழு வயசுப் பிள்ளையை வாந்தி பேதிக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் கிடத்தி அழுதேனே, அந்த மெட்டு அப்படியே. நான் மூச்சு வாங்கின இடத்தில் அவள் மூச்சு வாங்குகிறாள். நான் விக்கின இடத்தில் அவளும் விக்குகிறாள். நான் பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட இடத்தில் எல்லாம் 'ராசா, ராசா' என்று எவனையோ கூப்பிடுகிறாள். 'வாசல் தெளிச்சுக் கோலமிட்டேன், ராசா வரக் காணலியே' என்று உருகுகிறாள். என் பக்கத்தில் நின்ற ஒருத்தன், "இன்னாமா பாடுறா பாரு, எனக்கு ஊட்ல சண்ட போட்டுக்கினு போனவ ஞாபகம் வர்து" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அன்று என் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த ஆண்களில் ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவன் நீ ஒருத்தன். அந்த மரகதவல்லிக்கு ஆர்மோனியம் வாசித்துச் சம்பளம் வாங்குகிறவனும் நீதான். நான் வேறு யாரைப் போய்க் கேட்கட்டும்? கொடுத்தாயா இல்லையா, அதை மட்டும் எழுது.

பூரணியை நிறைகுடம் தூக்க விடாதே.

உன் அக்காள்
கங்கம்மாள்


மதராஸ்,
2-6-1934

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி லோகநாதன் நமஸ்காரம். மாமாவுக்கும் என் நமஸ்காரத்தைச் சொல். பூரணி இப்போது இரண்டு வேளை சாப்பிடுகிறாள். மாங்காய் என்றால் விடுவதில்லை.

அக்கா, ஆமாம். நான்தான் கொடுத்தேன். ஒளிக்க எனக்கு ஒன்றும் இல்லை. திருவிழாவுக்கு வந்து நேரில் சொல்ல நினைத்தேன், கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை.

அன்று நான் வாசலில் உட்கார்ந்து கேட்டேன். பதினைந்து வருஷமாய் நாடகக் கம்பெனியில் இருக்கிறேன், அப்படி ஒரு மெட்டு என் காதில் விழுந்ததில்லை. அது நம் தெருவோடு போய்விடுமே என்று மனசு அடித்துக்கொண்டது. இங்கே வந்து ஆர்மோனியத்தில் வாசித்தேன். மரகதவல்லி அம்மாள் கேட்டதும் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். 'ராசா' என்று மாற்றினது ஏன் என்று கேட்பாய். பிள்ளைச் சாவுப் பாட்டு என்று தெரிந்தால் எவன் வீட்டுக்குள் வாங்கிப் போவான்? அதனால் சொல்லை மாற்றினேன். உயிரை மாற்றவில்லை.

இங்கே ஒரு பத்திரிகையில் சங்கீதம் தெரிந்த பெரியவர் ஒருவர், "இதில் ராகமும் இல்லை தாளமும் இல்லை, வெறும் அழுகை, ஆறு மாசம் தாங்காது" என்று எழுதியிருக்கிறார். நான் அவர் வீட்டுக்கே போய்ச் சண்டை போட்டேன். நூறு வருஷம் நிற்கும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அக்கா, தேசம்மாவுக்கு நம்மால் ஒரு கல்லு நட முடிந்ததா? கல்லைவிட இது நிற்கும். நீ இதை யோசித்துப் பார்.

மாமாவை வெயிலில் தறிக்குப் பாவு நீட்டப் போக வேண்டாம் என்று சொல்.

அன்புத் தம்பி
லோகநாதன்


குடியாத்தம்,
9-6-1934

தம்பிக்கு. நாங்கள் சுகம். பூரணி சாப்பிடுகிறாள் என்று படித்ததில் சந்தோஷம். மாங்காய் அதிகம் தின்றால் சூடு, மோர் கொடு.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். உன் பட்டணத்துக்குப் போய் நம் வழக்கத்தைச் சுத்தமாய்த் துடைத்துப் போட்டுவிட்டாயா? பிள்ளைச் சாவென்றால் மூன்றாம் நாள் பால் தெளிக்கும் வரைக்கும்தான் ஒப்பாரி. பால் தெளித்து வந்து வீட்டைக் கழுவினால் பெற்றவளும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் பாடினால் பிள்ளை போகவும் முடியாது, இருக்கவும் முடியாது. நம் அம்மா உன்னையும் என்னையும் வைத்துக்கொண்டுதான் இரண்டு பிள்ளைகளுக்குப் பாடினாள், மூன்றாம் நாளோடு நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று உன் மாமாவைக் கேள். புடவையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு படுத்திருந்தேன்.

நூறு வருஷம் நிற்குமாம். நூறு வருஷம் என் பிள்ளை கூடத்தில் கிடக்க வேண்டுமா? காப்பி கிளப்பில் எவனோ சாவி கொடுக்கும்போதெல்லாம் அவளுக்கு மறுபடியும் வாந்தி எடுக்க வேண்டுமா? அந்தப் பத்திரிகைப் பெரியவர் யாரோ தெரியாது, அவருக்கு என் கும்பிடு. ஆறு மாசம் எதற்கு? ஆடிக்குள் தொலையட்டும்.

உயிரை மாற்றவில்லை என்கிறாய். என் பிள்ளை பேரை எடுத்துவிட்டு எவனோ ஒரு ராசாவை உள்ளே வைத்தாய். இதற்கு மேல் மாற்ற என்ன இருக்கிறது?

பிளேட்டை நிறுத்தச் சொல். நீ சொன்னால் அந்த அம்மாள் கேட்பாள்.

கங்கம்மாள்


மதராஸ்,
20-7-1934

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஆம்பூரிலும் வாலாஜாபேட்டையிலும் நாடகம், அலைச்சல். பூரணிக்குக் கால் கொஞ்சம் வீங்குகிறது, டாக்டரம்மா பயமில்லை என்றார்.

ஆம்பூர் வரை வந்தவன் குடியாத்தம் ஏன் வரவில்லை என்று கேட்காதே. வந்தால் அடிப்பாய்.

பிளேட்டை நிறுத்துவது என் கையிலும் இல்லை, அம்மாள் கையிலும் இல்லை. பிளேட்டுக் கம்பெனிக்காரர்கள் ரங்கூன், பினாங்கு வரை அனுப்பிவிட்டார்கள். ஆனால் நான் உன் கடிதத்தை அம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். அவர்கள் ரொம்ப நேரம் அழுதார்கள். "உங்க அக்கா சொல்றது நியாயம். அந்தப் பிள்ள பேர வச்சே இன்னொரு பிளேட்டு பாடிர்றேன், அவங்க பாடின சொல்லு ஒண்ணு மாறாம" என்றார்கள். பிளேட்டின் மேலேயே தேசம்மா என்று போடச் சொல்வார்களாம்.

எனக்கு மெட்டு நினைவிருக்கிறது. சொல் நினைவில் இல்லை, அன்றே மாற்றிவிட்டேன். நீ பாடினபடி எழுதி அனுப்பு. ஒரு பக்கம் போதும். இந்தத் தப்பைச் சரி செய்ய இதுதான் வழி.

மாமாவுக்கு இருமல் நின்றதா?

லோகநாதன்


குடியாத்தம்,
28-7-1934

தம்பிக்கு. உன் மாமாவுக்கு இருமல் கம்மி. பூரணியைக் காலைத் தலையணைமேல் வைத்துப் படுக்கச் சொல், உப்பைக் குறை.

எழுத மாட்டேன்.

மாசமாய் இருக்கிறவள் வீட்டுக்குச் சாவுப் பாட்டை எழுதித் தபாலில் போட எனக்கு என்ன பைத்தியமா பிடித்திருக்கிறது? இதை எப்படிக் கேட்கத் துணிந்தாய்? ஒப்பாரியை எழுதி வைத்த காகிதம் எந்த வீட்டில் இருக்கிறதோ அந்த வீட்டில் அதற்கு வேலை வரும். இது உனக்குத் தெரியும். தெரிந்தே கேட்கிறாய்.

அம்மாள் அழுதாள் என்று எழுதியிருக்கிறாய். அழுவது அவள் தொழில், அழாமல் என்ன செய்வாள். நான் பாடினபோது ஒரு வார்த்தையும் யோசித்துப் பாடவில்லை. அது என்னவோ உள்ளேயிருந்து வந்தது, நான் வாயைத் திறந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். அதை அவள் கண்ணாடி முன்னால் நின்று பழகிப் பாடுவாளா?

அடுத்த வீட்டு சகீனா நேற்று வந்திருந்தாள். அவள் புருஷன் அப்துல் சமத் பேரணாம்பட்டு மண்டியில் வேலை செய்கிறவர். "அக்கா, அந்தப் பாட்டு வெச்சா எங்க ஊட்டுக்காரரு தோல ஊற போட்டத மறந்துட்டு நிக்கிறாராம், மேஸ்திரி கூட ஒரே பேஜாரு" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தேசம்மாவைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுமந்தவள் இந்த சகீனா. அவளும் அந்த பிளேட்டைக் கேட்டிருக்கிறாள், அவளுக்கே தெரியவில்லை, அது எந்தப் பாட்டு என்று. நானும் சொல்லவில்லை.

கங்கம்மாள்


மதராஸ்,
3-9-1934

அக்காவுக்கு நமஸ்காரம். எல்லோரும் நலம். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

எனக்கும் கோபம் வரும். நான் திருடனா? காலணா நான் அதில் பார்க்கவில்லை. அது உன் பாட்டு என்று சகீனாவுக்கே தெரியவில்லை என்றால் உனக்கு அதில் என்ன போயிற்று? நீ ஒரு தெருவுக்குப் பாடினாய், அந்த அம்மாள் ஊர் உலகத்துக்குப் பாடினார்கள். எத்தனை பேர் தங்கள் தங்கள் துக்கத்தை அதில் கொட்டி ஆற்றிக்கொள்கிறார்கள் தெரியுமா? யாருக்கென்று தெரியாததால்தான் எல்லோருக்கும் பொருந்துகிறது. அதனால்தான் நிற்கப் போகிறது.

இஷ்டமிருந்தால் சொல்லை எழுதி அனுப்பு. இல்லையென்றால் விடு. பூரணிக்குக் கார்த்திகையில் நாள் சொல்லியிருக்கிறார்கள்.

லோகநாதன்


குடியாத்தம்,
18-10-1934

தம்பிக்கு. பூரணிக்குப் பிரசவ மருந்துச் சாமான் கட்டி அனுப்பியிருக்கிறேன், சுக்கு தனியாக இருக்கிறது. நாங்கள் இருக்கிறோம்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மேட்டுத் தெரு வேலாயுதம் செத்துப்போனான். உன்னோடு பள்ளிக்கூடம் போனவன், பாம்பு கடித்துவிட்டது. வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டார்கள், நான் எடுத்துக் கொடுத்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து, அவன் பேர் சொல்லி, அவன் நெய்த கைலிக் கட்டத்தைச் சொல்லி, அவன் மூன்று பெண்களைச் சொல்லி ஆரம்பித்தேன். நாலு வரி போயிருக்காது, அவன் மச்சினிச்சி என் கையைப் பிடித்தாள். "அக்கா, அப்டி இல்ல. பிளேட்டுல வேற மாதிரி வரும். அத பாடு, அதான் நல்லாருக்கு" என்றாள்.

என்னைத் திருத்தினாள். என் பாட்டை எனக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

அவளே ஆரம்பித்தாள். எல்லாப் பெண்களும் கூடச் சேர்ந்தார்கள். ஒருத்திகூடத் தவறவில்லை, அத்தனை பேரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கி ஒரே இடத்தில் விக்கினார்கள். ராசா வரக் காணலியே என்றார்கள், வேலாயுதத்தின் பேர் ஒரு தடவைகூட வரவில்லை. அவன் பெண்டாட்டி பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் யாருக்கு அழுகிறார்கள் என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நான் எழுந்து வந்துவிட்டேன். பிணம் கிடக்கும்போது ஒப்பாரியில் பாதியில் எழுந்தவள் என்று தெருவே பேசுகிறது. பேசட்டும். ஆற்றிக்கொள்கிறார்கள் என்று எழுதினாயே, வந்து அவன் பெண்டாட்டியைப் பார்.

கங்கம்மாள்


மதராஸ்,
5-12-1934

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும் நமஸ்காரம். கெங்கையம்மன் புண்ணியத்தில் பூரணிக்கு நல்லபடி பிரசவம் ஆகிவிட்டது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். நீ அனுப்பிய மருந்துதான் கொடுக்கிறோம்.

மரகதவல்லி அம்மாள் வந்து பார்த்து வெள்ளித் தண்டை போட்டார்கள். பூரணி ஆசைப்பட்டாள், மரகதம் என்று பேர் வைத்துவிட்டோம். நீ வருத்தப்பட மாட்டாய் என்று நினைக்கிறேன்.

வேலாயுதம் போனது கேட்டு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. ஆனால் அக்கா, நீ கோபத்தில் ஒன்றைக் கவனிக்கவில்லை. பிளேட்டிலிருந்து இறங்கி அது சாவு வீட்டுக்கே போய்விட்டது. இனி அதை யார் அழிக்க முடியும்? அந்தப் பத்திரிகைப் பெரியவருக்கு இதைத்தான் எழுதிப் போட்டேன்.

குழந்தையைப் பார்க்க வா.

லோகநாதன்


குடியாத்தம்,
16-4-1935

தம்பி லோகநாதனுக்கும் பூரணிக்கும் குழந்தை மரகதத்துக்கும் என் ஆசீர்வாதம். குழந்தை குப்புற விழுந்திருக்கும். பேரைப் பற்றி ஒன்றும் சொல்லிவிடக் கூடாது என்றுதான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

போன மாசம் மறுபடியும் பேரணாம்பட்டு போனேன். காப்பி கிளப்பில் வேறு பாட்டு ஓடுகிறது, ஏதோ பேசும் படத்தில் வருகிறதாம், கும்மாளமாய் இருக்கிறது. நானே போய்ப் பெட்டிக்காரனைக் கேட்டேன், மரகதவல்லி பிளேட் என்ன ஆயிற்று என்று. "அதா? அதெல்லாம் பழசுமா. முள்ளு தேச்சு தேச்சு கரகரன்னு ஆய்ட்ச்சி. இப்ப யாரு அத கேக்குறாங்க" என்றான். திரும்பி வரும் வழியில் சகீனாவின் புருஷனைக் கேட்டேன். எந்தப் பாட்டு என்றார். தை மாசம் நம் தெருவில் ஒரு சாவு, பெண்கள் ஆளுக்கு ஒரு பக்கம் அழுதார்கள், ராசாவை ஒருத்தியும் கூப்பிடவில்லை.

நான் கேட்டதுதான் நடந்தது. எனக்கு மனசு குளிர்ந்திருக்க வேண்டும். அங்கேயே அந்தப் பெட்டியைத் தூக்கி ரோட்டில் அடிக்கலாம் போல ஆத்திரம் வந்தது. என் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய், வேலையை விட்டுவிட்டு நின்று நின்று கேட்டீர்களே, ஒரு வருஷத்துக்குள் சலித்துவிட்டதா உங்களுக்கு?

இன்னொன்று எழுத வேண்டும். எழுத வெட்கமாக இருக்கிறது.

பேரணாம்பட்டிலிருந்து வந்த மறுநாள், யாருக்கும் சொல்லாமல் தேசம்மாவைப் புதைத்த இடத்துக்குப் போனேன். ஊர்தான் விட்டுவிட்டதே, இனி அது என்னுடையதுதானே, வழக்கம் கெட்டாலும் ஒரு தடவை அவளுக்குப் பாடிவிட்டு வருவோம் என்று உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால் ராசா வருகிறான். கோலம் வருகிறது. தலையில் அடித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன், அதேதான் வந்தது. நான் பாடினது ஒரு சொல்கூட வரவில்லை. அன்று மூன்று நாள் பாடினேனே, அதில் ஒரு சொல்கூட இல்லை.

நிற்குமா நிற்காதா என்று நீயும் அந்தப் பெரியவரும் சண்டை போட்டீர்களே. எல்லா ஊரையும் விட்டுப் போய்விட்டது, என் வாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. என்னுடையதை வெளியே தள்ளிவிட்டு அங்கே உட்கார்ந்திருக்கிறது.

நீ வாசலில் இருந்து கேட்டவன். கோலம் வருகிற இடத்தில் நான் என்ன சொன்னேன்? அவளை என்னவென்று கூப்பிட்டேன்? பேர் சொன்னேனா, செல்லமாய்க் கூப்பிட்டேனா? எவ்வளவு நினைவிருக்கிறதோ அவ்வளவு எழுது. எழுதக் கூடாது என்று நான் சொன்னதை விட்டுவிடு. என் வீட்டில் வைத்துக்கொள்கிறேன், வருவது எனக்கு வரட்டும்.

அக்காள்
கங்கம்மாள்


மதராஸ்,
10-6-1935

அன்புள்ள அக்காவுக்கு நமஸ்காரம். குழந்தை தவழ்கிறாள். பூரணி உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத முடியாமல் இவ்வளவு நாள் ஆகிவிட்டது. தினமும் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெட்டு வருகிறது. சொல் என்று எடுத்தால் எனக்கும் அம்மாளுடையதுதான் வருகிறது. அம்மாளைக் கேட்டேன், அவர்களுக்கு என் சொல்தான் தெரியும். அவர்களும் இப்போது நாடகக் கம்பெனியில் இல்லை, கம்பெனி பேசும் படம் எடுக்கப் போகிறது, அதற்குக் குரல் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். நானும் வேறு இடம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

உன்னை வெறும் கையோடு விட மனசு வரவில்லை. அதே மெட்டில் தேசம்மா பேர் வைத்து நானே நாலு வரி எழுதினேன். நீ பாடினது இப்படித்தான் ஏதோ இருந்தது. உனக்கு மட்டும்தான், வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

ஆத்தங்கரை மணலெடுத்து வீடு கட்டிப் போனவளே, தேசம்மா
ஆளில்லாத அவ்வீட்டில் விளக்கேத்த வாராயோ
நெய்த பட்டு மடிச்சிருக்கு கட்டிக்கொள்ள இடையுமில்லே, தேசம்மா
நேத்து வச்ச பூவிருக்கு சூடிக்கொள்ளத் தலையுமில்லே

மாமாவுக்குப் பிடித்தால் எழுது.

தம்பி
லோகநாதன்


குடியாத்தம்,
19-6-1935

தம்பிக்கு. வேலை போனால் போகிறது, பூரணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே வா. தறி இருக்கிறது, சோற்றுக்குக் குறைவில்லை.

உன் நாலு வரி வந்தது. தேசம்மாவுக்குத் தண்ணீர் என்றால் பயம், ஆற்றங்கரைப் பக்கம் ஒரு நாள்கூடப் போனதில்லை. நாம் பட்டு நெய்கிறவர்களும் இல்லை, அவள் கைலி மிச்சத்தில் தைத்த பாவாடைதான் கட்டினாள். அவள் போனபோது, சோளிங்கர் மலைக்கு வேண்டிக்கொண்டு மொட்டை போட்டு ஒரு மாசம்கூட ஆகவில்லை, அவள் தலையில் பூ வைக்க மயிர் எங்கே இருந்தது? நீ தாய்மாமன், உன் மடியில் உட்கார வைத்துத்தான் மொட்டை போட்டோம். இப்படித்தான் ஏதோ இருந்தது என்று எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். இதைக் கேட்டு அவருக்கும் கோபம் வரட்டும் என்றுதான் படித்தேன். பிள்ளை போனதிலிருந்து அவர் அவள் பேரை எடுத்ததில்லை, என் எதிரே கண் கலங்கினதும் இல்லை. மூன்றாவது வரியில் தறிக்குழியிலிருந்து காலை வெளியே எடுத்துவிட்டார். நாலாவது வரியில் தேம்பித் தேம்பி அழுதார். அதைப் பார்த்து நானும் அழுதேன். எங்கள் பிள்ளை அதில் ஒரு வரியிலும் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுகிறோம். எனக்கு உன்மேல் இருந்த கோபமெல்லாம் என்மேலேயே திரும்பிவிட்டது.

இதை வீட்டில் வைக்கக் கூடாது என்று அடுப்பண்டை எடுத்துப் போனேன். உன் மாமா பின்னாலேயே வந்தார்.

"இன்னொரு தபா படி" என்றார்.

படித்தேன்.

கங்கம்மாள்